மகள் ருசி பார்க்காத சாக்லேட் உருண்டைகள்

"அவன் வேணாம்மா. அவன் இல்லாமலே செய்யலாம்" என்றாள் மகள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "எவன்டி?"

கேக் சுடும் மின்னடுப்பான 'அவனை'த்தான் சொல்கிறாள் என்று புரிந்ததும் மூன்று பேரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது, உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேட்டால் வீட்டுப்பாடம் என்பாள். அப்படிப்பட்டவள் ஜூன் விடுமுறையில் தானாக அடுக்களைக்கு வந்து, "ட்ரஃபிள் செய்யப் போறேன், பிஸ்கட் வாங்கிட்டு வாங்க" என்றதும் எனக்கு வீட்டில் விளக்கேற்றியதுபோல் இருந்தது. தெம்பனிஸ் பேரங்காடிக்கு உடனே ஓடினேன்.

நடுவில் வெள்ளைக் கிரீம் வைத்த கறுப்பு பிஸ்கட்டைப் பைக்குள் போட்டுப் பூரிக்கட்டையால் நொறுக்குவது என் வேலை. "மாவு மாதிரி வரணும் ப்பா, கட்டி இருக்கக் கூடாது" என்று பக்கத்தில் நின்று அதட்டுவாள். கிரீம் சீஸைச் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, தட்டில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைப்பாள். இறுகியதும், சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணம் வைத்து உருக்கிய சாக்லேட்டில் ஒவ்வொன்றாக முக்கி, முள்கரண்டியால் தூக்கி, சொட்டு வடியவிட்டு, தாளில் வைப்பாள். ஒன்றுகூடச் சிறிசு பெரிசாக இருக்காது. ஒவ்வோர் உருண்டையையும் சின்னத் தராசில் நிறுத்துதான் உருட்டினாள். 

"ரவா லட்டு பிடிக்கிற மாதிரிதானே இருக்கு" என்றாள் மனைவி.

"லட்டு இல்லம்மா. ட்ரஃபிள்."

முதல் தட்டு தயாரானதும் எங்கள் இருவரையும் மேசையில் உட்காரவைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். தான் எதிரில் நின்றுகொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

"பிரமாதம்னா? மேல சாக்லேட் கடிக்கும்போது ஒடையுதா, இல்ல பல்லுல ஒட்டுதா? உள்ள மெதுவா இருக்கா? ரொம்பத் தித்திப்பா?"

தொலைக்காட்சிப் போட்டி நடுவரைப்போல நான் கண்ணை மூடி மென்று பதில் சொன்னேன். ஒடைகிறது. மெதுவாக இருக்கிறது. தித்திப்பு அளவுதான். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணு எடுங்க ப்பா" என்றாள். எடுத்தேன்.

அதன்பிறகு எல்லாச் சனிக்கிழமையும் வீட்டில் சாக்லேட் மணம்தான். பெட்டி பெட்டியாக அக்கம்பக்கத்துக்குப் போயிற்று. எனக்கு வேலை துவாஸில், துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில். தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயிலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவேன். என்னுடன் வேலை செய்பவர்கள் திங்கட்கிழமை காலையில் என் முகத்தைப் பார்ப்பதற்குமுன் என் பையைப் பார்ப்பார்கள். "எம்பொண்ணு செஞ்சது" என்று சொல்லும்போது எனக்குத் தோள் கொஞ்சம் அகலமாகும்.

பயம் எந்த நாளில் வந்தது என்று என்னால் சொல்ல முடியும். அதுவும் ஒரு சனிக்கிழமைதான். உருக்கிய சாக்லேட் அவள் மணிக்கட்டில் ஒரு கோடு சிந்தியது. தண்ணீர்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கோடு போய்விட்டது. அப்புறமும் தேய்த்தாள். தோல் சிவந்துவிட்டது.

"நக்கிட்டுப் போயேன், இதுக்கு எதுக்கு இவ்வளவு சோப்பு?" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவன்போல் ஆனேன். பிறகு அவள் வழக்கம்போல ஒன்றை என் முன்னால் வைத்தாள். "சாக்லேட் ஒடையுதா ப்பா? உள்ள எப்படி இருக்கு?"

வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. இத்தனை வாரமாக இதே கேள்வி. செய்தவளுக்குத் தன் கைப்பக்குவத்தின்மேல் இருக்கும் சந்தேகம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியாது. இத்தனை உருண்டை உருட்டியவள் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. விரலில் ஒட்டியதைக்கூட.

"நீ ஒண்ணு சாப்பிட்டுப் பாரேம்மா."

"அப்புறமா ப்பா. செய்யும்போதே மணத்துலயே வயிறு நெறஞ்சிருச்சு."

ஃப்ரிட்ஜிலிருந்து அடுத்த தட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கும்போது அவள் விரல் என் விரலில் பட்டது. தட்டு சில்லென்று இருந்தது. அவள் விரல் அதைவிடச் சில்லென்று இருந்தது.

அன்றிலிருந்து அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். பெற்ற பிள்ளையைத் திருடியைப்போல வேவு பார்ப்பது அருவருப்பான வேலை. ஆனால் பார்க்கப் பார்க்கத்தான் கண்ணில் பட்டது. இந்த ஊர் வெயிலிலும் வீட்டுக்குள் கனத்த மேற்சட்டையோடு நடந்தாள். குளியலறைத் தரையில் நீர் போகும் வழியை முடி அடைத்திருந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று கைப்பேசியைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்து மூச்சு வாங்கினாள். எங்கள் வீடு பழைய கட்டடம், குப்பை போடும் குழாய் அடுக்களைக்குள்ளேயே இருக்கிறது. அதன் இரும்பு மூடி திறந்து மூடும் சத்தம் சாப்பாட்டு வேளை முடிந்த கையோடு கேட்கும். முன்பு அதை நான் காதில் வாங்கியதே இல்லை. இப்போது கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த 'டங்' சத்தம் என் நெஞ்சுக்குள் விழுந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் அம்மா இருக்கிறார். மகள் அவரை நானி என்று கூப்பிடுவாள். நாங்கள் கொடுத்த பெட்டியை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று, அவர் அதில் வட்டிலப்பம் என்னும் முட்டை இனிப்பை வைத்துக் கொண்டுவந்தார். வாசலில் மகள் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி உள்ளே போனாள். அவர் போகாமல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பிள்ளை முகத்துல எலும்பு தெரியுது. டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுக்களையிலிருந்து அந்த 'டங்' கேட்டது.

மகள் டியூஷனுக்குப் போனபிறகு மனைவியிடம் பேசினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ சாப்பிடறதே இல்லை. எனக்குப் பயமா இருக்கு."

"வயசுப் பிள்ளைங்க. டயட் இருக்கா. அவ கிளாஸ்ல எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான்." என்னைப் பார்க்காமலே சொன்னாள். "போன மாசம் கல்யாணத்துல உங்க சொந்தக்காரங்க என்ன சொன்னாங்க? நல்லா இளைச்சு அழகா ஆயிட்டான்னு மூணு பேரு சொல்லலியா? இப்ப திடீர்னு வியாதிங்கறீங்க."

"அவ கையத் தொட்டுப் பாரு."

"தொட்டுப் பாத்துட்டேன்!" என்று கத்தினாள். மடித்த துணி கையிலிருந்து கலைந்து விழுந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளும் என்னைப்போலவே பல நாளாகப் பயந்துகொண்டிருக்கிறாள் என்று. அதை வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

அன்று மாலை மகளிடம் இருவருமாகக் கேட்டோம். "சாப்பிடறேன் லா ப்பா. ஸ்கூல்லயே சாப்பிட்டேன். ஏன் போலீஸ் மாதிரி கேக்கறீங்க?" என்றாள். டாக்டரிடம் போகலாம் என்றதும் அறைக்கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அழும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டக் கை எழவில்லை. இன்னும் அழுத்தினால் அந்த அடுக்களை வாசலும் அடைபட்டுவிடும், சனிக்கிழமைகளும் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. தீபாவளி முடியட்டும், எப்படியாவது கூட்டிக்கொண்டு போவோம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

அந்த வாரங்களில் துவாஸில் இருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தால் என் உள்ளங்கை வேர்க்கும். உயரத்தில் ஏறி வேலை பார்க்கும்போதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. சனிக்கிழமைகளில் அவள் நீட்டுவதை வாங்கித் தின்றேன். வேண்டாம் என்று சொல்லப் பயம். அவள் கண் என் வாயில் நிலைத்திருக்கும். நான் விழுங்கும்போது அவள் தொண்டையும் ஏறி இறங்கும். அதைப் பார்த்தபிறகு அந்தச் சாக்லேட் எனக்கு மண்ணாக இருந்தது. "நல்லாருக்கும்மா" என்றேன்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, உறவினர்களுக்கெல்லாம் முறுக்குக்குப் பதில் தன் உருண்டைகளைத்தான் கொடுக்க வேண்டும் என்று பெட்டிகளில் அடுக்கிவைத்திருந்தாள். என் அக்கா ஜாலான் புசார் பக்கம் குடியிருக்கிறார். லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, கடைத்தெருவில் மனைவி கேட்ட மஞ்சளும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு நடந்து போகலாம் என்று மகளும் நானும் கிளம்பினோம். பெட்டிப் பையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

வெளியே வந்ததும் கூட்டம் எங்களை அள்ளிக்கொண்டு போனது. நடைபாதை முழுக்க அகல்விளக்குக் கடை, மாலைக் கடை, புடவைக் கடை. விடுமுறை நாளாதலால் விடுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் தோளோடு தோள் உரசிப் போய்க்கொண்டிருந்தார்கள். பலகாரம் பொரிக்கும் எண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"கால் வலிக்குதா? உக்காரலாமா?"

"ஓகே ப்பா. நடங்க."

வெற்றிலைக்காரரிடம் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவள் உதடு வெள்ளையாக இருந்தது. "அப்பா, சத்தமெல்லாம் தூரமா கேக்குது" என்றாள். ஏதோ வேடிக்கையான செய்தியைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். பிறகு முழங்கால் மடிந்து, பையை மார்போடு அணைத்தபடியே சரிந்தாள்.

தலை தரையில் மோதாமல் பிடித்தேன். தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த மேற்சட்டைக்குள் என் மகள் இருந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சின்ன வயதில் தூங்கிப்போனால் தோளில் போட்டுக்கொண்டு வருவேனே, அந்தக் கனம்கூட இல்லை.

"தள்ளுங்க, தள்ளுங்க, காத்து வரட்டும்!" யாரோ ஒருவர் கையை விரித்துக் கூட்டத்தை நிறுத்தினார். இன்னொருவர் ஆம்புலன்சுக்குப் பேசினார். புடவைக் கடைப் பெண் ஒருத்தி தண்ணீரோடு வந்து மகளின் முகத்தைத் துடைத்தாள். மகள் கண்ணைத் திறந்தாள்.

"சுகர் கொறஞ்சிருக்கும் அண்ணே. கையில இனிப்பு இருக்குல்ல, ஒண்ணு குடுங்க" என்றார் கையை விரித்து நின்றவர். பை கிழிந்து ஒரு பெட்டி திறந்துகொண்டிருந்தது. வெயிலில் பளபளவென்று இளகத் தொடங்கிய உருண்டை ஒன்றை எடுத்து அவள் உதட்டருகே கொண்டுபோனேன். "ஒரு கடிம்மா. அப்பாவுக்காக. ஒரே ஒரு கடி."

எழுந்து உட்காரச் சக்தியில்லாதவள் உதடுகளை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். நான் கையை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போது அவள் கண்ணைப் பார்த்தேன். பிடிவாதம் இல்லை. கோபமும் இல்லை. பாம்பை முகத்துக்கு நேரே நீட்டினால் ஒரு பிள்ளை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தாள். தன் கையாலேயே செய்த அந்த இனிப்பைப் பார்த்து, அதைப் பிடித்திருந்த என்னையும் பார்த்து, பயத்தில் நடுங்கினாள். செத்துப்போவதைவிட அவளுக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

என் வாழ்க்கையில் அதைப்போல நான் எதற்கும் பயந்ததில்லை. கையை இறக்கினேன். விரல்களில் சாக்லேட் வழிந்துகொண்டிருந்தது. "வேணாம்மா, வேணாம். அப்பா குடுக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், வண்டி வரும்வரை.

மருத்துவமனையில் அவளை அனுமதித்தார்கள். நாடித்துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தது. உடம்புக்கு வரவு இல்லாததால் இதயம் சிக்கனம் பிடிக்கிறது என்றார் டாக்டர், எங்களைவிட வயதில் இளைய சீனப் பெண்மணி. பிடிவாதமோ அழகு ஆசையோ அல்ல, இது ஒரு நோய், இதில் ஆளே போய்விடக்கூடும் என்றார். தான் சாப்பிடாமல் மற்றவர்களுக்கு ஆசை ஆசையாகச் சமைத்துப் போடுவதும் இந்த நோயில் உண்டாம். பசி போகாதாம். எந்நேரமும் சாப்பாட்டின் நினைவாகவே இருக்குமாம். அதனால்தான் செய்து செய்து நம்மைச் சாப்பிடவைத்துப் பார்க்கிறார்கள் என்றார். என் மனைவி போர்வைக்குள் கைவிட்டு மகளின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூடு ஏற்றுவதுபோலத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா வீட்டுக்கு அந்த ஆண்டு இனிப்பு போகவில்லை. தீபாவளியன்று நாங்கள் மூவரும் வார்டில் இருந்தோம். தாதி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கால் வயிற்றுக் கஞ்சியை மகள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். பாதியில் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, சாப்பாடு உள்ள போனதும் எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்கும்மா பயம்?"

"தெரியல. ஏதோ தப்புப் பண்ண மாதிரி. யாரோ உள்ளருந்து கத்தற மாதிரி."

"எனக்கும் பயமா இருக்கு" என்றேன். அதைச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. "நீ இருக்க மாட்டியோன்னு."

அவள் என்னைப் பார்த்தாள். கரண்டியை எடுக்கவில்லை. ஆனால் கிண்ணத்தைத் தள்ளிவிடவும் இல்லை. தாதி பொறுமையாகக் காத்திருந்தாள். கஞ்சி ஆறிப்போன பிறகு இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

அதோடு சரியாகிவிடவில்லை. வீட்டுக்கு வந்தாள், மறுபடியும் இளைத்தாள், மறுபடியும் அதே வார்டுக்குப் போனாள். பள்ளியில் ஓராண்டு பின்தங்கினாள். நான் பகல் வேலைக்கு மட்டும் மாற்றிக்கொண்டேன். மனைவியும் தன் வேலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். வேளாவேளைக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார வேண்டும், தட்டு காலியாகும்வரை யாரும் எழக்கூடாது. சில நாள் ஒரு இட்லிக்கு முழுச் சாயங்காலமும் போகும். தட்டு பறந்த நாளும் உண்டு. "நீங்க ரெண்டு பேரும் எனக்கு எதிரி" என்று அவள் கத்திய நாளும் உண்டு. 'சாப்பிட்டியா' என்று அவளைக் கேட்கக் கூடாது என்று மருத்துவமனை ஆலோசகர் சொல்லியிருந்தார். தமிழ் வீட்டில் அதைக் கேட்காமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? ஃபோனில் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அங்க மழையா?" என்று கேட்கப் பழகினேன். துவாஸில் வெயில் கொளுத்தும்போது தெம்பனிஸில் மழையா என்று தினமும் கேட்டேன்.

இப்போது அவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். மருத்துவரைப் பார்ப்பது நிற்கவில்லை. குணமாகிவிட்டது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்பதில்லை. தேர்வு நெருங்கினால் அவள் தட்டில் சோறு ஓரத்துக்கு ஒதுங்குவது தெரியும். என் மனைவி என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். மூன்று பேருமாக இன்னும் கொஞ்ச நேரம் மேசையில் உட்கார்ந்திருப்போம்.

சென்ற வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு ஃபோனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். குழு வேலையில் ஒருவன் தன் பங்கைச் செய்யவில்லையாம். "எல்லாத்தையும் நானே செய்யணுமா? நாளைக்கு நேர்ல வா, உனக்கு இருக்கு!" அவள் குரல் தாழ்வாரம் வரை கேட்டது. பக்கத்து வீட்டு நானி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மனைவி அவளை அதட்டப் போனாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடு, கத்தட்டும்" என்றேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, அந்தக் குரலில் இருந்த பலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.